கண்காட்சியில் கற்றதைக் கார்ப்பெட்டில் இறக்குவது எப்படி? தொழில் செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

துப்புரவுத் தொழில் கண்காட்சிக்குப் போய் வந்த எந்தக் கார்ப்பெட் கிளீனிங்காரர் வீட்டுப் பரணிலும் ஒரு துணிப்பை கிடக்கும். உள்ளே பளபளக்கும் கையேடுகள், நாற்பது விசிட்டிங் கார்டு, இரண்டு சாம்பிள் பாட்டில், ஏதோ ஒரு ஸ்டாலில் கொடுத்த பேனா. வந்த வாரம் எல்லோரிடமும் அதைப் பற்றியே பேசுவோம். அடுத்த வாரம் கல்யாண மண்டப வேலை வந்துவிடும். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பையை எலி கடித்திருக்கும்.

என் பரணிலும் அப்படி இரண்டு பைகள் இருந்தன. சென்னையில் ஒரு ஈக்கோ வண்டி, நான்கு பையன்கள் என்று சோஃபாவும் கார்ப்பெட்டும் சுத்தம் செய்கிற சின்னத் தொழில் என்னுடையது. மூன்றாவது தடவை போனபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. அங்கே நாம் பார்ப்பது வேறு யாருடைய கார்ப்பெட்டோ, வேறு எங்கோ பிடித்த தண்ணீரோ, ஏசி ஓடுகிற அரங்கின் காற்றோ. நம் போர் தண்ணீரில், நம் ஊர் ஈரக்காற்றில், நம் வாடிக்கையாளர் வீட்டுத் தரையில் வைத்துப் பார்த்த பிறகுதான் அது பாடமாகிறது. அப்படி வைத்துப் பார்ப்பதை ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதுதான் கீழே இருப்பது.

படி 1: போவதற்கு முன் வேலைப் புத்தகத்தைத் திறங்கள்

கடைசியாகச் செய்த முப்பது வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விஷயம் எழுதுங்கள்: எவ்வளவு நேரம் ஆனது, காய எவ்வளவு நேரம் பிடித்தது, திரும்பக் கூப்பிட்டார்களா, கூப்பிட்டால் எதற்கு. முதல் தடவை இதைச் செய்தபோது எனக்கே ஆச்சரியம். எங்கள் மிஷின் பழசு, அதனால்தான் தொல்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் திரும்பக் கூப்பிட்டவர்களில் பெரும்பாலோர் சொன்ன புகார் இரண்டுதான்: 'வாடை வருது', 'போன கறை திரும்ப வந்துடுச்சு'. இரண்டுமே அதிக ஈரத்தால் வருவது. அடியில் தங்கிய தண்ணீர் காயும்போது உள்ளே இருக்கும் அழுக்கையும் மேலே இழுத்துக்கொண்டு வரும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி. அதற்குப் புது மிஷின் வாங்கி என்ன பயன்?

இந்தக் கணக்கிலிருந்து மூன்றே மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு கிளம்புங்கள். அதற்கு மேல் எழுதினால் எதையும் கேட்காமல் திரும்பி வருவீர்கள்.

பையில் இன்னும் சில சாமான்கள் வேண்டும். வேலையில் மிஞ்சிய அல்லது கழித்துப் போட்ட கார்ப்பெட்டில் கைக்குட்டை அளவுக்கு மூன்று துண்டுகள்: ஒன்று ஆபீஸ் கார்ப்பெட் டைல் (சதுரத் துண்டுகளாகப் பதிப்பது), ஒன்று கம்பளி, ஒன்று பருத்தி. மூன்றையும் ஒரு மாதம் கோடவுன் வாசலில் போட்டு மிதிக்க விடுங்கள். அப்புறம் ஒரு லிட்டர் உங்கள் போர் தண்ணீர். உங்கள் வண்டியின் பின்பக்கத்தை அளந்து எழுதிய சீட்டு. சிரிப்பாக இருக்கும், ஆனால் வண்டிக் கதவுக்குள் நுழையாத மிஷினை வாங்கிவிட்டு வாடகை டெம்போவில் ஏற்றிக்கொண்டு திரிகிறவர்களை எனக்குத் தெரியும்.

படி 2: டெமோவைச் சந்தேகத்தோடு பாருங்கள்

ஸ்டாலில் என்ன நடக்கும்? வெளிர் நிற கார்ப்பெட்டில் காபியையோ கெச்சப்பையோ கொட்டுவார்கள். முப்பது விநாடி விளக்கம் சொல்லிவிட்டு ஸ்பிரே அடித்து உறிஞ்சினால், கறை போன இடம் தெரியாது. கூட்டம் 'ஆஹா' என்னும்.

அந்தக் கார்ப்பெட் பெரும்பாலும் செயற்கை இழை. கறைக்கு வயது ஒரு நிமிடம். அந்த நிலையில் வெறும் தண்ணீரும் நல்ல உறிஞ்சலும் இருந்தாலே பாதிக்கு மேல் போய்விடும். நம் வீடுகளில் கிடைப்பது எட்டு மாதம் முன்பு கொட்டிய சாம்பார். அதன் மேல் வீட்டுக்காரர் ஏற்கனவே பாத்திரம் தேய்க்கும் சோப்பைப் போட்டுத் தேய்த்திருப்பார். மஞ்சள் வேறு.

அதனால் நம் துண்டை எடுத்து நீட்டி, 'சார், இதுல ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க' என்று கேளுங்கள். சிலர் தயங்குவார்கள். தயங்காமல் வாங்கி, இழையைத் தடவிப் பார்த்து, 'இது கம்பளி, இதுக்கு இது வேணாம்' என்று சொல்கிறவர் இருந்தால் அவர் கார்டை மட்டும் சட்டைப் பையில் போடுங்கள். மற்றதெல்லாம் துணிப்பைக்கு.

மிஷின் ஸ்டாலில் கேட்க வேண்டியவை: மொத்தம் எத்தனை வாட்? ஹீட்டரும் மோட்டாரும் ஒரே பிளக்கில் ஓடுமா? நம் வீடுகளில் 16 ஆம்பியர் சாக்கெட்டில் 230 வோல்ட் என்றால் அதிகபட்சம் 3,680 வாட். அதற்கு மேல் இழுக்கிற மிஷினுக்கு இரண்டு தனித்தனி லைன் வேண்டும். வாடகை வீட்டு ஹாலில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. வேக்கம் மோட்டார் தனியாக என்ன விலை, பம்ப் சீல் எங்கே கிடைக்கும், சர்வீஸ் ஆள் எந்த ஊரில் இருக்கிறார் என்பதையும் கேளுங்கள். பதில் 'கூரியர்ல அனுப்பிடுவோம் சார்' என்றால் மிஷின் பதினைந்து நாள் மூலையில் உட்காரும் என்று அர்த்தம்.

கெமிக்கல் ஸ்டாலில், கலக்கும் விகிதத்தையும் கலந்த பிறகு உள்ள பிஹெச் அளவையும் (அமிலமா காரமா என்று சொல்லும் எண்) கேளுங்கள். கேனில் இருக்கும்போது உள்ள பிஹெச் நமக்குத் தேவையில்லை. விலையையும் கேனுக்குப் பார்க்காதீர்கள், கலந்த லிட்டருக்குப் பாருங்கள். உதாரணத்துக்கு, 5 லிட்டர் கேன் 900 ரூபாய், 1:5 கலவை என்றால் 30 லிட்டர் கிடைக்கும். லிட்டர் 30 ரூபாய். இன்னொரு கேன் 2,500 ரூபாய், 1:20 கலவை என்றால் 105 லிட்டர். லிட்டர் 24 ரூபாய்கூட இல்லை. விலை கூடியது என்று ஒதுக்கியதுதான் மலிவு.

'இன்னைக்கு மட்டும் இந்த ரேட்' என்பதற்கு மயங்காதீர்கள். கடைசி நாள் சாயங்காலம் அதே ரேட்டுக்கு அவர்களே போன் செய்வார்கள். டெமோ மிஷினைத் திரும்ப லாரியில் ஏற்றுவது அவர்களுக்கும் செலவுதான்.

ஸ்டாலைவிட டீ கவுண்டரில் அதிகம் கற்கலாம். சென்னைக்காரர் சென்னைக்காரரிடம் ரேட் சொல்ல மாட்டார். கொச்சியிலோ ஐதராபாத்திலோ இதே தொழில் செய்கிறவருக்கு நம்மால் நஷ்டம் இல்லை, எல்லாவற்றையும் கொட்டுவார். எந்த மிஷின் வாங்கி ஏமாந்தார் என்பது உட்பட.

படி 3: ஊர் திரும்பும் முன் எழுதி முடியுங்கள்

கண்காட்சி மும்பையில் என்றால், அங்கிருந்து சென்னைக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு முழு நாள். அந்த நேரம் போதும். ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள்: நாளைக்கே செய்யலாம், காசு வேண்டும், நமக்கு ஆகாது. மூன்றாவது பத்திதான் நீளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ மயங்கியிருக்கிறீர்கள். விமானத்தில் வருகிறவர்கள் ஏர்போர்ட்டிலேயே எழுதிவிடுங்கள். வீட்டுக்கு வந்தால் நடக்காது.

படி 4: எந்தப் புதுச் சரக்கையும் நான்காகப் பிரியுங்கள்

இந்தப் படிக்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன். ஹென்கெல் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் 1959-இல் ஒரு வட்டம் வரைந்தார். சுத்தம் என்பது நான்கு விஷயங்களின் கூட்டு: சூடு, தேய்ப்பு, ரசாயனம், நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்ட வேண்டும். கார்ப்பெட் தொழிலில் பயிற்சி எடுத்த யாரும் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இது சின்னருக்கு முன்பே தெரியும். அடிப்பிடித்த பால் பாத்திரத்தை என்ன செய்வார்கள்? வெந்நீர் ஊற்றி ஊற வைப்பார்கள், சாம்பலோ புளியோ போடுவார்கள், அப்புறம் தேங்காய் நாரால் தேய்ப்பார்கள். அவசரமென்றால் நாரை அழுத்துவார்கள். அவசரமில்லை என்றால் இரவு முழுக்க ஊறும், காலையில் கை வைத்தாலே வந்துவிடும்.

இப்போது கண்காட்சியில் பார்த்ததை இந்த வட்டத்தில் வையுங்கள். அமெரிக்கக் கண்காட்சிகளின் நாயகன் டிரக்மவுன்ட்: வேனுக்குள்ளேயே எஞ்சினால் ஓடும் பெரிய யூனிட். தண்ணீரைக் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடாக்கி நீண்ட ஹோஸ் வழியே வீட்டுக்குள் அனுப்பும். அதாவது சூட்டை ஏகத்துக்குக் கூட்டி நேரத்தைக் குறைக்கிறார்கள். அங்கே தனி வீடு, வாசலில் வண்டி, சுவரிலிருந்து சுவர்வரை கார்ப்பெட். நமக்குப் பன்னிரண்டாவது மாடி, பேஸ்மென்ட் பார்க்கிங், ஹால் நடுவில் ஒரு 6க்கு 9 அடி கார்ப்பெட். டிரக்மவுன்ட் நேராக மூன்றாவது பத்திக்குப் போகிறது. ஆனால் அவர்கள் சொல்கிற ஒரு விஷயம் முதல் பத்திக்கு வரும்: ஸ்பிரே அடித்ததும் உறிஞ்சாதே, பத்துப் பதினைந்து நிமிடம் விடு. நமக்குச் சூடு குறைவு என்றால் நேரத்தைக் கூட்டத்தானே வேண்டும்? எங்கள் பையன்கள் இரண்டு நிமிடத்தில் வாண்டை (உறிஞ்சும் கைக்குழாய்) வைத்துவிடுவார்கள். அதை மாற்றியதற்குச் செலவு பூஜ்யம்.

இதே வகை இன்னொன்று: தண்ணீர் படுவதற்கு முன் ஒழுங்காக வேக்கம் போடுவது. கார்ப்பெட் அழுக்கில் பெரும்பங்கு உலர்ந்த மண்ணும் தூசியும்தான். அது இருக்கும்போதே நனைத்தால் சேறாகிவிடும். ஐஐசிஆர்சி என்று ஒரு சான்றிதழ் அமைப்பு அமெரிக்காவில் 1972-இல் தொடங்கியது. கார்ப்பெட் சுத்தத்துக்கான எஸ்100 தரநிலை அவர்களுடையது. அவர்களின் பயிற்சியிலும் முதல் வேலை வேக்கம்தான். எந்த ஸ்டாலும் இதை டெமோ காட்டாது, விற்க ஒன்றும் இல்லையே.

என்கேப்சுலேஷன் என்கிற முறை அங்கே அதிகம் பேசப்படும். குறைந்த ஈரத்தில் பாலிமர் கலந்த கரைசலைப் போட்டுத் தேய்ப்பார்கள். காயும்போது அது அழுக்கைச் சுற்றிப் பொடியாக இறுகும். பிறகு வேக்கத்தில் வந்துவிடும். ஓஎம்ஆர் ஐடி ஆபீஸ் கார்ப்பெட் டைலுக்கு இது பொருத்தம்: இரவு பத்து மணிக்கு ஆரம்பித்து, காலை ஷிஃப்டுக்குள் காய வேண்டும், டைலின் ஓரம் தூக்கக் கூடாது. வீட்டில் நாய் மூத்திரம் போன கார்ப்பெட்டுக்கு இது உதவாது. அழுக்கு அடியில் இருக்கிறது, வெளியே கொண்டுவரத் தண்ணீரும் உறிஞ்சலும் வேண்டும்.

படி 5: பாதிப் பாதி சோதனை

ஒரே நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். புது கெமிக்கல், புது பிரஷ், புது நேரம் மூன்றையும் ஒரே நாளில் இறக்கினால் எது வேலை செய்தது என்று சாமிக்குத்தான் தெரியும்.

உங்களிடம் உள்ள பழைய கார்ப்பெட்டை மாஸ்கிங் டேப்பால் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி பழைய முறை, மறு பாதி புதுசு. இருபக்கமும் ஒரே ஆள் செய்யட்டும். காய்ந்த நேரத்தைக் குறியுங்கள். மறுநாள் வெள்ளைத் துணியால் இரண்டு பக்கமும் தேயுங்கள். கையில் பிசுபிசுப்பு இருந்தால் சோப்பு மிச்சம் இருக்கிறது. அந்தப் பக்கம் இரண்டே வாரத்தில் மறுபடி கறுக்கும். அதைத் தெரிந்துகொள்ள, வாசலில் போட்டு இரண்டு வாரம் மிதியுங்கள். அன்றைக்கு எடுத்த போட்டோவைவிட இரண்டு வாரம் கழித்து எடுக்கிற போட்டோதான் உண்மை பேசும்.

தண்ணீர்: கண்காட்சியில் மென்னீரில் ஓட்டியிருக்கலாம். நம் போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகம் என்றால் டிடர்ஜென்ட்டில் ஒரு பகுதி அதோடு மல்லுக்கட்டவே செலவாகும். ஆர்ஓ கடையில் கொடுக்கிற டிடிஎஸ் மீட்டர் கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் சொல்லும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. மீன்தொட்டிக் கடையில் விற்கும் சோதனைத் தாள் காட்டும். கடினம் என்றால் வேலைக்கு லாரித் தண்ணீரையோ வடிகட்டியதையோ கொண்டுபோய்ப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

காற்று: ஏசி அரங்கில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்தது ஐப்பசி மழையில் சென்னையில் ஒரு நாள் ஆகலாம். எந்தப் புது முறையையும் ஒரு தடவை சித்திரையிலும் ஒரு தடவை மழைக்காலத்திலும் சோதிக்காமல் 'நாலு மணி நேரத்தில் காயும்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

இழை: இங்கேதான் நான் அடி வாங்கினேன். கண்காட்சியிலிருந்து வாங்கி வந்த ஒரு காரத்தன்மை அதிகமான முன்ஸ்பிரேயை (கழுவும் முன் அடித்து ஊற வைக்கும் கெமிக்கல்), அது ஆபீஸ் கார்ப்பெட்டில் அருமையாக வேலை செய்த குஷியில், ஒரு வீட்டில் கைமுடிச்சுக் கம்பளிக் கார்ப்பெட் மேல் அடித்துவிட்டேன். சிவப்பு நிறம் கிரீம் நிறப் பார்டருக்குள் இறங்கியது. அந்த அம்மா ஒன்றும் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மூன்று மாத லாபம் அதற்குப் போனது. கெமிக்கல் மேல் தப்பில்லை. கேனிலேயே செயற்கை இழைக்கு என்று போட்டிருந்தது.

அதனால் எந்தக் கார்ப்பெட்டிலும் கை வைக்கும் முன் இரண்டு சோதனை. ஒன்று, மறைவான மூலையில் கலவையைத் தொட்டு வைத்து வெள்ளைத் துணியை ஒரு நிமிடம் அழுத்துங்கள். சாயம் ஒட்டுகிறதா பாருங்கள். இரண்டு, வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டு அடிப்பக்கத்திலிருந்து ஒரு இழையைப் பிடுங்கி, வெளியே போய்க் கொளுத்துங்கள். முடி கருகும் வாடையும் நசுங்கும் சாம்பலும் என்றால் கம்பளி அல்லது பட்டு. உருகிக் கெட்டியான மணியானால் செயற்கை. காகிதம் எரியும் வாடை என்றால் பருத்தி அல்லது விஸ்கோஸ். 'பட்டுக் கார்ப்பெட் சார், காஷ்மீர்ல வாங்கினது' என்பார்கள். கொளுத்தினால் காகித வாடை வரும். விஸ்கோஸ் ஈரத்தில் வலுவிழந்து மடிந்து மஞ்சளாகும். அந்த வேலையை ஏற்க வேண்டுமா என்பதே முதல் கேள்வி. கம்பளிக்குக் காரம் குறைந்த, நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் கலவையும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும்.

பவானி ஜமக்காளத்தையும் கார்ப்பெட் கணக்கில் சேர்த்து அனுப்புகிறவர்கள் உண்டு. பருத்தி, பளிச்சென்ற நிறப் பட்டைகள். சாயச் சோதனை இல்லாமல் தொடவே கூடாது.

படி 6: மிச்சமான நேரம் காசாகிறதா?

புது எக்ஸ்ட்ராக்டர் (தண்ணீர் அடித்து உறிஞ்சும் மிஷின்) ஒரு வேலைக்கு நாற்பது நிமிடம் மிச்சப்படுத்தும் என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் உடனே, 'மாசம் நாற்பது வேலைன்னா எத்தனை மணி நேரம் பாருங்க' என்பார். கணக்கு சரி. ஆனால் நாம் ஒரு நாளைக்கு இரண்டு வேலை செய்கிறோம் என்றால், மிச்சமாகும் எண்பது நிமிடத்தில் மூன்றாவது வேலை பிடிக்க முடியுமா? அண்ணா நகரிலிருந்து தாம்பரம் போகவே அது சரியாகிவிடும். மூன்றாவது வேலை வராவிட்டால் பையன்கள் சீக்கிரம் வீட்டுக்குப் போவார்கள், அவ்வளவுதான். நல்ல விஷயம், ஆனால் இஎம்ஐ கட்டாது.

மிஷினை வாங்கும் முன் ஒரு வாரம் வாடகைக்கு எடுங்கள். ஒரு பகுதியில் வேலைகளைச் சேர்த்து வாங்கி, மூன்றாவது வேலை நிஜமாகவே நடக்கிறதா பாருங்கள். நடந்தால் வாங்கலாம்.

படி 7: பையன்களிடம் கொண்டு சேர்ப்பது

நாம் கண்காட்சியில் இரண்டு நாள் சுற்றிப் புரிந்துகொண்டதை அவர்களிடம் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு 'செய்' என்போம். என்கேப்சுலேஷனை முதலில் காட்டியபோது எங்கள் மூத்த பையன் கேட்டான்: 'அண்ணே, தண்ணியே ஊத்தல, அழுக்கு எங்கண்ணே போகும்?' நியாயமான கேள்வி. பாதிப் பாதி சோதனையில் வேக்கம் பையைப் பிரித்து உள்ளே இருந்த கறுப்புப் பொடியைக் காட்டிய பிறகுதான் நம்பினான். அதற்கு முன் நான் இல்லாத இடங்களில் ரகசியமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான் என்று பின்னால் தெரிந்தது.

சோதனையை அவர்கள் கையாலேயே செய்ய விடுங்கள். முடிவான முறையை மிஷின் மேல் ஒட்டும் ஒரு அட்டையில், படங்களோடு, லேமினேட் செய்து போடுங்கள். பையன்களில் வடமாநிலத்தவர் இருந்தால் இந்தியிலும் எழுதுங்கள். அடுத்த கண்காட்சிக்கு நம்மோடு ஒருவரைக் கூட்டிப்போக முடிந்தால் இன்னும் நல்லது. மிஷினைத் தூக்கிப் பார்த்து, 'இது மாடிப்படியில ஏறாதுண்ணே' என்று அவர்தான் சொல்வார்.

படி 8: வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது

'ஜெர்மன் டெக்னாலஜி' என்று சொல்லாதீர்கள், எல்லோரும் சொல்கிறார்கள். அவருக்கு வேண்டியது: எப்போது நடக்கலாம், வாடை வருமா, குழந்தை தவழலாமா. சோதித்துத் தெரிந்த மணிக்கணக்கைச் சொல்லுங்கள். அழுக்குத் தண்ணீர் டேங்கை ஊற்றும் முன் அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். போகாத கறையை ஆரம்பத்திலேயே போகாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ரேட்டை ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். 18 சதவீதம் கடைசியில் வந்தால் சண்டைதான்.

புது முறையை அறிமுகப்படுத்தும் காலத்தையும் பாருங்கள். பள்ளிவாசல்களில் ரமலானுக்கு முன் நீளமான தொழுகைக் கார்ப்பெட்டுகளைச் சுத்தம் செய்யக் கூப்பிடுவார்கள், மண்டபங்களில் தை முகூர்த்தத்துக்கு முன். அந்த வாரங்களில் சோதனை வேண்டாம், தெரிந்ததையே செய்யுங்கள். ஆடி மாதம் மண்டப வேலை குறைவு. எங்கள் சோதனைகள் எல்லாம் ஆடியில்தான்.

படி 9: தொண்ணூறு நாள் கழித்து

ரயிலில் எழுதிய தாளை எடுங்கள். முதல் பத்தியில் எத்தனை நடந்தது, திரும்பக் கூப்பிட்டவர்கள் எண்ணிக்கை குறைந்ததா, இரண்டையும் பாருங்கள். நடக்காததை அடியுங்கள். டீ கவுண்டரில் பழகிய கொச்சிக்காரருக்கு வாட்ஸ்அப்பில் உங்கள் சோதனை போட்டோவை அனுப்புங்கள். அவர் பதிலுக்கு அவருடையதை அனுப்புவார். துணிப்பையில் மீதி இருப்பதைப் பழைய பேப்பர்காரருக்குப் போடலாம்.

போன தடவை போய் வந்ததில் எங்களிடம் நின்றவை மூன்று: பதினைந்து நிமிட ஊறல், கொளுத்திப் பார்க்கும் பழக்கம், ஆபீஸ்களுக்கு என்கேப்சுலேஷன். மிஷின் பழையதுதான் ஓடுகிறது. அடுத்ததற்காக மூன்று துண்டுகள் கோடவுன் வாசலில் கிடக்கின்றன. நேற்று ஒன்றின் மேல் யாரோ டீயைக் கொட்டிவிட்டார்கள், துடைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.